சாவி கைக்கு வந்த பிறகு: வீடிழந்து மீண்ட குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் வீடற்றோர் காப்பகத்திலும், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்திலும், சில ராத்திரிகள் எங்கே என்று சொல்ல விரும்பாத இடத்திலும் கழித்துவிட்டு, ஒருவழியாக வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கிறது. சாவி கைக்கு வந்த அன்று எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றாவது வாரம், அத்தனை நாளும் சமர்த்தாக இருந்த பிள்ளை தரையில் புரண்டு கத்துகிறது. மூத்தவள் யாரோடும் பேசுவதில்லை. அம்மாவுக்குப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஒரு டம்ளர் கீழே விழுந்ததற்கு அப்பா வீடே அதிரக் கத்துகிறார். பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்: "அதான் வீடு கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?"

வீடு கிடைத்ததால்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது உடைந்துபோக யாருக்கும் நேரமில்லை. இன்றைக்கு எங்கே படுப்பது, நாளைக்குப் பையை எங்கே வைப்பது என்று உடம்பும் மனசும் காவல் காத்துக்கொண்டே இருந்தன. கதவு சாத்தியதும் அந்தக் காவல் இறங்குகிறது, அதுவரை தள்ளிவைத்த அழுகை, கோபம், அசதி எல்லாம் மொத்தமாக வந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட குடும்பங்களோடு பழகியதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். நிறைய பேர் இந்த இடத்தில்தான் "நாங்க சரியில்லாத குடும்பம் போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. அந்த மூன்றாவது வாரத்தை மனசில் வைத்துத்தான் இந்த வழிகாட்டி, சாவி கைக்கு வந்த முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது.

தொடங்கும் முன்: இது உங்களுக்கானதா?

"நாங்க தெருவுல இருக்கலையே, அண்ணன் வீட்டுலதானே இருந்தோம்" என்று பலர் சொல்வார்கள். ஐரோப்பாவில் வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபெயான்ட்சா 2005-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. அதில் நாலு நிலை: கூரையே இல்லாமல் இருப்பது, கூரை உண்டு ஆனால் வீடில்லை என்று காப்பகங்களில் இருப்பது, எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்று அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பது, மனிதர் வாழத் தகுதியில்லாத இடத்தில் இருப்பது. அண்ணன் வீட்டுக் கூடம் இந்த மூன்றாவது வகையில் வரும். பிள்ளைகளின் மனசு இந்த வகைகளையெல்லாம் பார்ப்பதில்லை. எதைத் தொட்டாலும் "அது நம்மளது இல்ல, வை" என்று சொல்லப்பட்ட இடம் அதற்கு வீடில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீள்திறன், அதாவது அடிபட்ட பிறகு மீண்டு எழும் திறன், என்ற சொல்லைச் சிலர் ஒரு தந்திரமாகப் பயன்படுத்துகிறார்கள். கூரையைக் கொடுக்காமல் "மனதைரியமா இருங்க" என்று பயிற்சி வகுப்பு நடத்துவது அந்த ரகம். கூரைக்கு மாற்று கிடையாது. நியூயார்க்கில் 1992-இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ், வீடற்றவர்களுக்கு எந்த நிபந்தனையும் போடாமல் முதலில் வீடு, மற்ற உதவி அப்புறம் என்று தொடங்கினார். அதே எண்ணத்தை ஃபின்லாந்து 2008 முதல் நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. குடும்பங்களை மட்டும் வைத்து அமெரிக்க அரசு நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு, அதில் 2010 முதல் குடும்பங்களைச் சேர்த்தார்கள். 12 இடங்களில் 2,282 குடும்பங்கள். நீண்டகால வாடகை உதவி கிடைத்த குடும்பங்களில் மறுபடி வீடிழப்பது பெரிதும் குறைந்தது. அதோடு பெரியவர்களின் மன உளைச்சல், துணையிடம் அடிபடுவது, பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பது என்று மற்றவையும் குறைந்தன. வாடகைக்கு உதவி வந்ததே தவிர, யாரும் அவர்களுக்கு மனதைரிய வகுப்பு எடுக்கவில்லை. அதனால் நீங்கள் இன்னும் காப்பகத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், வீட்டுக்கான விண்ணப்பம், வாடகை உதவி, சமூகப் பணியாளரைத் துரத்துவது இவைதான் முதல் வேலை. கீழே இருப்பதில் பாதியை அங்கிருந்தபடியே செய்யலாம்.

மீள்திறன் என்றால் என்ன, சுருக்கமாக

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளை ஒன்றாகச் சுமந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர். பெற்றவராகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன் மாஸ்டென் காப்பகங்களில் இருந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். மீள்திறன் என்பது அபூர்வ சக்தி எதுவும் இல்லை, மிகச் சாதாரணமான விஷயங்கள் தடைபடாமல் வேலை செய்வதுதான் என்று 2001-இலேயே எழுதினார்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் "சாதாரணம்". தூக்கம், ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, சொன்னபடி திரும்பி வருகிற அப்பா, மாறாத பள்ளி. வீடிழந்த குடும்பத்திடமிருந்து பறிபோவதும் சரியாக இவைதான். ஆகவே வேலை என்பது புதிதாக எதையோ கட்டுவதில்லை, பறிபோன சாதாரணத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவருவது.

படி 1: முதல் இரண்டு வாரம், கதவும் படுக்கையும்

வீட்டை அலங்கரிப்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் யார் எங்கே படுப்பது என்று முடிவு செய்யுங்கள், அதை மாற்றாதீர்கள். இத்தனை நாள் ஒரே அறையில் ஒட்டிப் படுத்த பிள்ளைக்குத் தனி அறை கொடுத்தால் சந்தோஷப்படும் என்று நினைப்போம். பயந்துபோய் நடு ராத்திரி வந்து நிற்கும். நிற்கட்டும். கொஞ்ச நாள் எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. தனிப் படுக்கைக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளையே கேட்கும், இல்லையென்றால் சில வாரம் கழித்து நீங்கள் மெதுவாக ஆரம்பிக்கலாம்.

கதவைப் பிள்ளைகளோடு சேர்ந்து பூட்டுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய இடத்தில் தூங்கிய குழந்தைக்கு, "நாம பூட்டினா பூட்டினதுதான்" என்று கையால் செய்து பார்ப்பது வார்த்தையில் சொல்வதைவிடப் பல மடங்கு பலன் தரும். சாவி மாட்ட ஓர் ஆணி அடியுங்கள், ஓரளவு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சாவி கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பை. நிறைய வீடுகளில் ஒரு பிள்ளை தன் பையைப் பிரிக்காமல் கதவோரம் வைத்திருக்கும், துணியை அதிலிருந்தே எடுத்து அதிலேயே வைக்கும். பெரியவர்களுக்கு அது குத்தும், "வீடு வந்தாச்சு, எடுத்து அடுக்கு" என்று அதட்டுவார்கள். விட்டுவிடுங்கள். ஒரு அலமாரித் தட்டைக் காலியாக வைத்து "இது உன்னோடது" என்று மட்டும் சொல்லுங்கள். எப்போது அடுக்குவது என்பது பிள்ளையின் முடிவு.

சாப்பாட்டை ஒளித்துவைப்பதும் இதே கதைதான். தலையணைக்கு அடியில் பிஸ்கட், பள்ளிப் பையில் மிச்சம் மீதி. திருட்டு என்று திட்டினால் இன்னும் ஆழமாக ஒளிக்கும். மூடி போட்ட ஒரு டப்பா கொடுத்து, அதில் எப்போதும் தின்ன ஏதாவது இருக்கும், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அந்த டப்பாவைப் பிள்ளை மறந்துபோகும்.

இந்த இரண்டு வாரத்திலேயே முடிக்க வேண்டிய ஒரு பெரியவர் வேலை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், பள்ளிச் சான்றுகள், மருத்துவச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே ஃபைலில், ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி. வீடு மாறி மாறி அலைகிறவர்கள் முதலில் தொலைப்பது காகிதங்களைத்தான், அவை இல்லாமல் எந்த உதவியும் நகராது.

படி 2: ஒரே ஒரு பழக்கம்

காலை அட்டவணை, படிப்பு அட்டவணை, வேலைப் பங்கீடு என்று சுவரில் ஒட்டி மூன்றே நாளில் கிழித்துப்போடும் குடும்பங்கள் உண்டு. வேண்டாம். ஒன்று போதும்.

என் ஓட்டு ராத்திரி தூங்கும் நேரத்துக்கு. முகம் கழுவுவது, விளக்கைக் குறைப்பது, ஒரு கதையோ பாட்டோ, "நாளைக்கு என்ன" என்று ரெண்டு வாக்கியம், அப்புறம் தூக்கம். வரிசை மாறக் கூடாது, நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். பார்பரா ஃபீஸும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல், குடும்பப் பழக்கங்கள் பற்றி அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் உடல்நலம், படிப்பு, பெற்றோருக்குத் தங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை இவற்றோடெல்லாம் இந்தப் பழக்கங்களுக்குத் தொடர்பு இருந்தது. வெறும் பழக்கத்தையும் குடும்பத்துக்கே உரிய சடங்கையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்: பல் தேய்ப்பது பழக்கம், பல் தேய்க்கும்போது அப்பா செய்யும் அந்த ஒரு கோமாளித்தனம் சடங்கு. இரண்டாவதைத்தான் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. காப்பகத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது, பிள்ளை எங்கே விளையாடலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் கண்டிப்பதை நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், சில சமயம் பிள்ளையின் எதிரிலேயே ஊழியர் உங்களைக் கண்டித்தார். பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "அம்மா சொன்னா நடக்காது, அந்த மேடம் சொன்னாதான் நடக்கும்" என்று அது புரிந்துவைத்திருக்கும். அதனால் புது வீட்டில் சொல்பேச்சு கேட்காமல் உங்களைச் சோதித்துப் பார்க்கும். அதற்காகக் குரலை ஏற்ற வேண்டாம். சின்னதாக ஒன்று சொல்லுங்கள், சொன்னதை நடத்திக் காட்டுங்கள். "எட்டு மணிக்கு நான் உன் பக்கத்துல உட்காருவேன்" என்றால் எட்டு மணிக்கு உட்காருங்கள். பெற்றவர் என்ற பறிபோன நாற்காலி இப்படித்தான் திரும்ப வரும், மெதுவாக.

மூத்த பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலைந்த காலத்தில் தம்பி தங்கைக்குச் சாப்பாடு ஊட்டியது, அம்மா அழுதபோது தேற்றியது, அலுவலகங்களில் படிவம் நிரப்பியது எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக இருக்கலாம். இப்போது திடீரென்று "நீ சின்னப் பிள்ளை, போய் விளையாடு" என்றால் அதற்கு வேலை போன மாதிரி இருக்கும், கோபம் வரும். முதலில் நன்றி சொல்லுங்கள், குறிப்பாக, என்ன செய்தது என்று பேர் சொல்லி. அப்புறம் "இனி படிவமெல்லாம் என் வேலை, தம்பிக்குக் கதை சொல்றது வேணும்னா நீ வச்சுக்கோ" என்று ஒன்றை மட்டும் அதன் விருப்பத்துக்கு விடுங்கள். சில வாரங்களில் அது சோம்பேறித்தனம் செய்ய ஆரம்பித்தால், நல்ல அறிகுறி.

படி 3: நடந்ததைச் சொல்லுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் பேசுவதில்லை. மறந்துடுவாங்க என்ற நம்பிக்கை. பிள்ளைகள் மறப்பதில்லை, விட்டுப்போன இடத்தைத் தங்கள் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் கற்பனையில் பெரும்பாலும் குற்றவாளி அவர்கள்தான்: "நான் சுவத்துல கிறுக்கினதாலதான் வீட்டுக்காரர் போகச் சொல்லிட்டாரு."

அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூன்று வாக்கியம் போதும். "நமக்கு வீட்டுக்குக் கொடுக்கக் காசு பத்தல. அதனால வேற இடத்துல தூங்கினோம். உன்னால எதுவும் நடக்கல." பள்ளி வயசில் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம், வேலை போனது, உடம்புக்கு முடியாமல் போனது, கடன். டீன் ஏஜ் பிள்ளைகள் உங்கள் தப்பையும் கேட்பார்கள். தப்பு இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் முன்னால் அழுது தேற்றச் சொல்லாதீர்கள், மற்றவரைப் பற்றித் திட்டித் தீர்க்கவும் இது இடமில்லை.

ஒரு தாளில் கோடு போட்டு இருந்த இடங்களை எல்லாம் வரிசையாக வரையச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒரு கஷ்டம், ஒரு நல்லது. பிள்ளைகள் எழுதும் நல்லதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். நீங்கள் வெட்கத்தில் குறுகிப்போன அந்த இடத்தில்தான் பிள்ளைக்கு முதல் சிநேகிதம் கிடைத்திருக்கும்.

"இனிமே எங்கயும் போக மாட்டோம்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அது உங்கள் கையில் முழுசாக இல்லை, ஒருமுறை பொய்த்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள்: "போக வேண்டி வந்தா உனக்கு முன்னாடியே சொல்லுவேன், ராத்திரியோட ராத்திரியா எழுப்பிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்." (அடிக்கிற ஒருவரிடமிருந்து தப்பி வந்தவர்கள் இந்த வாக்கைக்கூடக் கொடுக்க முடியாது. அவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.)

பள்ளியில் கேட்டால் என்ன சொல்வது என்று வீட்டிலேயே பேசிவையுங்கள். ரகசியம் வேறு, சொந்த விஷயம் வேறு. "யாருகிட்டயும் சொல்லாதே" என்றால் அது வெட்கப்பட வேண்டிய ரகசியமாகிவிடும். "நீ நம்புறவங்ககிட்ட சொல்லலாம், சொல்ல இஷ்டமில்லன்னா 'கொஞ்ச நாள் வேற இடத்துல இருந்தோம்'னு சொல்லிட்டு விட்டுடு" என்றால் அது பிள்ளையின் கையில் இருக்கும்.

படி 4: கத்திவிட்டீர்களா, சரி, திரும்பி வாருங்கள்

கத்தத்தான் செய்வீர்கள். எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970-களிலிருந்து தாயும் கைக்குழந்தையும் பழகுவதைப் படம் பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்தவர். நல்ல தாய்–குழந்தை ஜோடிகளிலேயே ஒத்திசைந்து இருக்கும் நேரம் பாதிகூட இல்லை, ஏறத்தாழ 30 விழுக்காடுதான். மிச்ச நேரமெல்லாம் தவறிப்போவதும் மறுபடி சேர்வதும். அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கை கற்கிறது.

ஆகவே கத்தாமல் இருப்பதைவிட, கத்தியபின் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். வேறு அறைக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்து, பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, "நான் கத்தினது தப்பு. டம்ளர் விழுந்ததுக்கு அவ்வளவு கோபம் வேண்டாம். எனக்கு வேற கவலை இருந்துச்சு, அது உன்னால இல்ல." அவ்வளவுதான். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். நம் தலைமுறையில் பெற்றவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நிறைய பேர் பார்த்ததே இல்லை, நாக்கு வராது. முதல் தடவைதான் கஷ்டம்.

கணவன் மனைவிக்கு நடுவிலும் இதே. யாரால் வீடு போனது என்ற வழக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் மறுபடி மறுபடி நடக்கும். அதற்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கி, பிள்ளைகள் இல்லாதபோது, பணக் கணக்கோடு மட்டும் பேசுங்கள். பழையதை நீதிமன்றம் மாதிரி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர் யாரும் இல்லை.

படி 5: பள்ளி

முடிந்தால் பள்ளியை மாற்றாதீர்கள், தூரமானாலும். வீடு, தெரு, அக்கம்பக்கம் எல்லாம் மாறிப்போன பிள்ளைக்கு மாறாமல் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அமெரிக்காவில் வீடற்ற பிள்ளைகளுக்கு, தங்கும் இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை சட்டத்திலேயே உண்டு. 1987-இல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டம் அது, பிற்காலத் திருத்தங்களில் இந்த உரிமை வலுவானது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைமை ஆசிரியரிடம் கேட்பதில் நஷ்டமில்லை.

பள்ளியில் எல்லோருக்கும் கதை தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். அவரிடம் பரிதாபம் கேட்காதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள்: பிள்ளை வகுப்பில் தூங்கினால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், கதவு பக்கத்தில் உட்கார விடுங்கள், விடுபட்ட பாடம் எது எது என்று எழுதிக் கொடுங்கள்.

மாஸ்டெனின் குழு காப்பகக் குழந்தைகளிடம் கண்ட இன்னொன்று: தன்னை அடக்கி, கவனத்தை நிறுத்தி, சொன்னதை நினைவில் வைத்துச் செய்யும் திறன் இருந்த பிள்ளைகள் பள்ளியில் நன்றாக ஒன்றினார்கள். இதை விளையாட்டிலேயே பழக்கலாம், காசு செலவில்லை. சிலை விளையாட்டு, "தலைன்னா காலைத் தொடணும்" என்ற எதிர்மாறு விளையாட்டு, வரிசையாகப் பொருள் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் நினைவு விளையாட்டு. தினம் பத்து நிமிடம், சிரிப்பு வரும் வரைக்கும்.

படி 6: பணம், அதைவிட முக்கியமாகப் பணக் கவலை

2013-இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரின் யோசிக்கும் திறனை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அதே ஆள், அதே மூளை. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் மதிப்பெண் குறைவாக வந்தது, அறுவடைக்குப் பின் கூடியது. பணக் கவலை மனசில் இடத்தை அடைத்துக்கொள்வதால் மற்ற முடிவுகளுக்கு இடமில்லாமல் போகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். "ஏன்தான் இப்படி மறந்து தொலைக்கிறேனோ" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் நினைவை நம்பாதீர்கள், சுவரை நம்புங்கள். வாடகைத் தேதி பெரிய எழுத்தில். பணம் வந்த அன்றே வாடகை, மற்றதெல்லாம் அப்புறம். பெரிய முடிவு எதையும் மாதக் கடைசியில் எடுக்காதீர்கள்.

இத்தோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியல் எழுதுங்கள். போன தடவை வீடு போவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது? ஹவுஸ் ஓனரின் போனை எடுக்காமல் விட்டது, ஒரு மாத வாடகை நழுவியது, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தது, கடனை அடைக்க இன்னொரு கடன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது வேறு. அதில் இரண்டு நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தேதி தாண்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் பேசுகிறவருக்குக் கிடைக்கும் அவகாசம், தாண்டிய பிறகு பேசுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

படி 7: மனிதர்கள்

வெட்கம் முதலில் வெட்டுவது உறவுகளை. கல்யாணம் காட்சிக்குப் போவது நின்றுவிடும், போன் நம்பர் மாறும். எல்லோரையும் ஒரே நாளில் திரும்பப் பிடிக்க வேண்டாம். உங்களை எடைபோடாத ஒருவர் போதும், வாரம் ஒரு தடவை பேசுங்கள்.

உதவி வாங்கியே பழகிய குடும்பத்துக்கு மருந்து மாதிரி வேலை செய்வது, பிறருக்கு எதையாவது கொடுப்பது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கித் தருவது, காப்பகத்தில் புதிதாக வந்த குடும்பத்துக்குப் படிவம் எப்படி நிரப்புவது என்று சொல்லித்தருவது. பிள்ளைகள் பார்க்கும்படி செய்யுங்கள். நாம் கையேந்துகிறவர்கள் மட்டும் இல்லை என்று அவர்கள் அப்போதுதான் நம்புவார்கள்.

உதவியதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கும் உறவினரும் இருப்பார். நன்றி சொல்லிவிட்டீர்கள் என்றால் கணக்கு முடிந்தது. பிள்ளைகள் எதிரில் ஆரம்பித்தால், "மாமா, அதை நம்ம ரெண்டு பேரும் தனியா பேசிக்கலாம்" என்று எழுந்துவிடுங்கள்.

அடிக்குப் பயந்து வெளியே வந்தவர்களுக்கு

குடும்பத்தோடு வீடிழப்பதற்கு வீட்டு வன்முறை ஒரு பெரிய காரணம். அப்படி வந்திருந்தால் "குடும்பம்னா சேர்ந்துதான் இருக்கணும்" என்று யார் சொன்னாலும் இங்கே பொருந்தாது. பாதுகாப்பு முதலில். புது முகவரியை யாருக்குச் சொல்வது என்பதில் கறாராக இருங்கள், போனில் இருப்பிடம் காட்டும் வசதியை அணையுங்கள், பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்று பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகள் அந்த அப்பாவைத் தேடி அழுவார்கள், அது உங்களுக்குத் துரோகம் இல்லை. "அப்பாவை நினைச்சா அழுகை வருதா, வரட்டும். அடிச்சது தப்பு, அதனாலதான் வந்தோம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

டாக்டரிடம் எப்போது?

கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பது போன்றவை முதல் சில வாரங்களில் வருவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, பிள்ளை சாப்பிடாமல் விளையாடாமல் ஒடுங்கிப்போனாலோ மனநல ஆலோசகரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, குடி அல்லது போதை, பிள்ளையை அடித்துவிடுவோமோ என்ற பயம் இவற்றுக்கு ஒரு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள். பெற்றவர்கள் தங்களைக் கடைசியில் வைப்பார்கள். பிள்ளைக்கு எடுக்கும் அப்பாயின்ட்மென்ட்டோடு உங்களுக்கும் ஒன்று எடுங்கள்.

மறுபடி போக வேண்டி வந்தால்

இதை எழுத யாருக்கும் பிடிக்காது, ஆனால் நடக்கும். வாடகை ஏறும், வீடு விற்கப்படும். நோட்டீஸ் வந்தவுடன், உங்கள் கை நடுங்குவது நின்றதும், பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் மூலம் தெரியவரக் கூடாது. அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் பழைய பயம் வரும், பையை எடுத்துக் கதவோரம் வைக்கும் பிள்ளை மறுபடி வைக்கும். அதைத் தடுக்காமல் என்னென்ன உள்ளே போக வேண்டும் என்று அதனோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

ஃபைல், மருந்து, சாவி மாட்டிய ஆணி, சாப்பாட்டு டப்பா, பிள்ளை போர்த்தித் தூங்கும் அதே போர்வை. துவைத்தால் பழகிய வாசனை போய்விடும், அதனால் துவைக்க வேண்டாம். பள்ளியில் அந்த ஒரு ஆசிரியருக்கு அன்றைக்கே தகவல். போய்ச் சேர்கிற இடம் எதுவாக இருந்தாலும், முதல் ராத்திரியே முகம் கழுவுவது, விளக்கைக் குறைப்பது, கதை, "நாளைக்கு என்ன" என்று ரெண்டு வாக்கியம். அதே வரிசையில்.